நேபாளத்துச் சனிக்கிழமை

நேபாள தேசத்தில் வார விடுமுறை சனிக்கிழமையாதலால், அங்குள்ள கிறிஸ்தவ சபையார் பலரும் அன்றைக்கே ஆராதனைக்குக் கூடுவது வழக்கம். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி சனிக்கிழமை, நண்பகலுக்குச் சில நிமிஷங்கள் முன்பாகப் பூமி அதிர்ந்து, ஏறக்குறைய 9,000 பேரின் உயிரைக் கொள்ளைகொண்டபோது, பிரார்த்தனையில் அமர்ந்திருந்தவர்களும் இடிபாடுகளில் மாண்டனர். இவ்விதம் தாமே துக்கத்தில் ஆழ்ந்திருந்தவர்களுக்குத்தான், வெளிதேசத்துச் சிநேகிதர்கள் தத்தம் திருச்சபைகளின் வாயிலாகத் திரவிய சகாயம் செய்தார்கள்.

கத்தோலிக்க சபையின் தொண்டு நிறுவனமான நேபாளக் காரித்தாஸ் போன்ற ஸ்தாபனங்கள் அந்தப் பணத்தைத் தார்ப்பாயாகவும் அரிசியாகவும், ஜூன் மாத மழைக்கு முன் கூரையிடத் தகரமாகவும் மாற்றி, மதபேதம் பாராமல் மலைக்கிராமங்களில் விநியோகித்தன. நிலச்சரிவால் பாதைகள் அடைபட்ட சிந்துபால்சோக் போன்ற ஜில்லாக்களில், எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், எங்கே கைக்குழந்தை பசித்திருக்கிறது என்பது உள்ளூராருக்கே தெரியுமாகையால், அவர்கள் கையில் பொருளை ஒப்புவிப்பதே சிலாக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயம். வெளியிலிருந்து சரக்குகளை அனுப்புவதும் அப்போது எளிதாயிருக்கவில்லை; காத்மாண்டு விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதையும் சேதமுற்று, பெரிய விமானங்கள் இறங்கச் சில காலம் தடை விதிக்கப்பட்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். ஆகையால் நேயர்களே, இத்தகைய ஆபத்தில் தூரதேசத்து நண்பர்களுக்கு உதவ விரும்பினால், பழந்துணி மூட்டைகளை அனுப்பாமல், நம்பகமான சபையின் மூலம் பணமாகவே, தாமதமின்றி அனுப்புங்கள்.