கொல்கத்தாவின் சிலைகளைப் படிப்போம்



எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் முதலில் எதைப் படிக்கிறார்கள்? பேருந்துப் பலகையைப் படிக்கிறார்கள். ரேஷன் அட்டையைப் படிக்கிறார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு அடுத்து என்ன? ஊரையே படிக்கலாம். ஊரில் நிற்கும் சிலைகளையும் மாளிகைகளையும் படிக்கலாம். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

கொல்கத்தா மேற்கு வங்காளத்தின் தலைநகரம். வெள்ளையர் காலத்தில் இந்தியா முழுவதற்கும் இதுவே தலைநகரமாக இருந்தது. தலைநகரம் டில்லிக்கு மாறும் என்று 1911-இல் அறிவித்தார்கள். அதனால் இந்த நகரத்தில் நினைவுச் சின்னங்கள் ஏராளம்.

ஒவ்வொரு சின்னத்தின் முன்னும் நின்று மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இது யாருக்காக? யார் பணத்தில் கட்டினார்கள்? யாருடைய கைகள் இதைச் செய்தன? முதல் கேள்விக்குப் பலகையில் பதில் இருக்கும். மற்ற இரண்டுக்கும் நாம்தான் தேட வேண்டும்.

டாலிகஞ்சும் வேலூரும்

பயணத்தை டாலிகஞ்சிலேயே தொடங்கலாம். 'கஞ்ச்' என்றால் சந்தை. டாலி என்பது வில்லியம் டாலி என்ற வெள்ளைக்காரரின் பெயர். கங்கையின் பழைய கிளையான ஆதிகங்கை தூர்ந்து கிடந்தது. 1770-களில் அதைத் தோண்டிப் படகு போகும் கால்வாயாக மாற்றினார். அவர் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. மண்ணை வெட்டிச் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

டாலிகஞ்சுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1799-இல் திப்பு சுல்தான் போரில் இறந்தார். அவர் குடும்பத்தை வெள்ளையர்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அதன் பிறகு திப்புவின் குடும்பத்தை வேலூரில் வைத்திருக்க வெள்ளையர்களுக்குத் துணிவு இல்லை. கப்பலேற்றிக் கொல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் குடியேறிய இடம் டாலிகஞ்ச். திப்புவின் மகன் குலாம் முகமது கட்டிய மசூதி இங்கே இருக்கிறது. அதே போன்ற இன்னொரு மசூதி நகரின் நடுவே தர்மதலாவில் இருக்கிறது. இங்கே ஒரு பெரிய சாலைக்கு இளவரசர் அன்வர் ஷா சாலை என்றே பெயர். வேலூரில் நடந்த போராட்டத்தின் சுவடு, டாலிகஞ்சின் தெருப் பலகையில் தெரிகிறது!

இனி மெட்ரோ ரயிலில் ஏறுவோம். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-இல் கொல்கத்தாவில்தான் ஓடியது. 1986-இல் டாலிகஞ்ச் வரை வந்தது. இந்த நிலையத்துக்கு இப்போது நடிகர் உத்தம்குமாரின் பெயர். டாலிகஞ்சில் சினிமா ஸ்டுடியோக்கள் இருப்பதால் அந்தப் பெயர் பொருத்தமானதே.

வெள்ளை மாளிகை

வழியில் மைதான் நிலையத்தில் இறங்கினால் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு நடந்தே போகலாம். வெள்ளை வெளேர் என்று நிற்கும் பெரிய கட்டடம். உயரம் 184 அடி. தாஜ்மகாலுக்குப் பயன்பட்ட அதே மக்ரானா சலவைக்கல், ராஜஸ்தானிலிருந்து வந்தது. கூரையின் உச்சியில் 16 அடி உயரத்தில் ஒரு தேவதைச் சிலை. பலத்த காற்றடித்தால் அது சுழலும்படி செய்திருக்கிறார்கள்.

விக்டோரியா ராணி 1901-இல் இறந்தார். அவர் நினைவாக இதைக் கட்ட யோசனை சொன்னவர் கர்சன் பிரபு. 1906-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1921-இல் திறந்தார்கள். அதற்குள் தலைநகரமே டில்லிக்குப் போய்விட்டது!

செலவு எவ்வளவு? அந்தக் காலத்திலேயே ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். பணம் எங்கிருந்து வந்தது? இந்திய மன்னர்களும் செல்வர்களும் நன்கொடை கொடுத்தார்கள். அந்த மன்னர்களின் கருவூலத்தை நிரப்பியது யார்? நிலவரி கட்டிய உழவர்கள். ராணிக்கு மாளிகை, உழவனுக்கு வரி! இதை யோசித்துக்கொண்டே பார்த்தாலும் கட்டடத்தின் அழகு குறையாது. செதுக்கிய கைகள் நம் நாட்டுக் கைகள் அல்லவா? இப்போது இது அருங்காட்சியகம். திங்கட்கிழமைகளில் உள்ளே அனுமதி இல்லை. அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

குதிரைவீரர் போனார், காந்தி வந்தார்

பார்க் தெரு, சௌரங்கி சாலையில் வந்து சேரும் இடத்தில் ஒரு காலத்தில் அவுட்ராம் என்ற வெள்ளைத் தளபதி குதிரைமேல் நின்றார். 1857 கிளர்ச்சியை அடக்கியவர்களில் அவர் ஒருவர். விடுதலைக்குப் பின் அந்தச் சிலையை எடுத்து விக்டோரியா மண்டபத் தோட்டத்தில் வைத்தார்கள். அவர் நின்ற இடத்தில் காந்தி சிலையை 1958-இல் நேரு திறந்து வைத்தார். மெட்ரோவுக்காகத் தோண்டியபோது காந்தி சிலையும் இடம் மாறி, மேயோ சாலைக்குப் போனது.

சென்னையிலும் இப்படி ஒரு கதை உண்டு. மவுண்ட் ரோட்டில் நீல் என்ற தளபதியின் சிலை நின்றது. அதை அகற்றக் கோரி 1927-இல் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937-இல் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது.

கொல்கத்தாவின் அந்தக் காந்தி சிலையைச் செய்தவர் யார் தெரியுமா? தேவிபிரசாத் ராய் சௌதுரி. வங்காளத்துக்காரர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்தார். மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையும் அவர் செய்ததே. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். அவர்களில் மன்னர் இல்லை, தளபதி இல்லை. முதுகு வளைத்து உழைக்கும் மனிதர்கள் மட்டுமே. தமிழ்நாட்டில் இந்தச் சிலையைப் பார்க்காதவர் குறைவு. அதைச் செய்த வங்காளக் கையை அறிந்தவரும் குறைவு.

பெயர் மாறிய கோபுரம்

அடுத்த நிலையம் எஸ்பிளனேடு. அங்கே 157 அடி உயரத்தில் ஒரு தூண் நிற்கிறது. ஆக்டர்லோனி என்ற தளபதியின் வெற்றிகளுக்காக 1828-இல் எழுப்பியது. பிறகு அதன் அடியிலேயே மக்கள் கூடத் தொடங்கினார்கள். 1931-இல் ஹிஜ்லி சிறைமுகாமில் கைதிகள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதைக் கண்டிக்க இந்தத் தூணின் அடியில் கூடிய பெருங்கூட்டத்தில் கவி தாகூர் பேசினார். 1969-இல் இதற்கு 'ஷாகீத் மினார்', அதாவது தியாகிகள் கோபுரம் என்று பெயர் வைத்தார்கள். கல் மாறவில்லை. பெயர் மாறியது. மக்கள் கூடிக் கூடி அந்தக் கல்லைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.

தறையாணியில் நிற்கும் பாலம்

மகாத்மா காந்தி சாலை நிலையத்தில் இறங்கி ஹௌரா பாலத்துக்குப் போகலாம். இது 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 26,500 டன் எஃகு. இந்தப் பாலத்தில் நட்டும் போல்ட்டும் கிடையாது. பழுக்கக் காய்ச்சிய தறையாணிகளை அடித்தே எல்லாத் துண்டுகளையும் இணைத்திருக்கிறார்கள். ஆற்றின் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. 1965-இல் இதற்கு ரவீந்திர சேது என்று தாகூரின் பெயரைச் சூட்டினார்கள்.

பாலம் திறந்த அதே 1943-இல்தான் வங்காளத்தில் பெரும் பஞ்சம். பல இலட்சம் பேர் பட்டினியில் மாண்டார்கள். கிராமங்களிலிருந்து கஞ்சி கேட்டு வந்தவர்கள் இந்த நகரத்தின் நடைபாதைகளில் விழுந்து இறந்தார்கள். பாலத்தைப் பார்த்து வியக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. பாலத்தின் தொங்கு தூண்களுடைய அடிப்பகுதி அரித்துப்போவதை 2011-இல் கண்டுபிடித்தார்கள். காரணம் வெள்ளமா? புயலா? இல்லை. நடந்து போகிறவர்கள் துப்பிய வெற்றிலைச் சாறு! ஆறு மில்லிமீட்டர் தகடு சில ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்தது. பிறகு நாரிழைக் கண்ணாடியால் மூடிக் காப்பாற்றினார்கள். ஆயிரம் தொழிலாளர் அடித்த ஆணியை ஒரு வாய் வெற்றிலை தின்றுவிடும். பொதுச் சொத்து நம் சொத்து என்று சொல்வது இதற்காகத்தான்.

கரைந்துபோகும் சிலைகள்

கடைசியாக ஷோபாபஜார் நிலையத்தில் இறங்கிக் குமார்துலிக்குப் போங்கள். குயவர்களின் குடியிருப்பு. மூங்கிலும் வைக்கோலும் கட்டி, அதன்மேல் ஆற்று மண்ணைப் பூசித் துர்க்கை சிலைகள் செய்கிறார்கள். மாதக்கணக்கில் வேலை. பூசை முடிந்ததும் சிலை ஆற்றில் கரைகிறது. மறு ஆண்டு மறுபடியும் மண் பிசைகிறார்கள். பெண் கலைஞர்களும் இப்போது இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் துர்க்கை பூசையை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் ஊரிலும் வேளார்கள் ஐயனாருக்கு மண்குதிரை செய்கிறார்கள். அவற்றில் செய்தவர் பெயரைப் பொறிப்பதில்லை. ஆனால் குமார்துலியில் ஒரு வசதி உண்டு. செய்கிறவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போய், "ஐயா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கலாம். எழுதிக்கொள்ளலாம். விக்டோரியா மண்டபத்தில் கல் செதுக்கியவரிடம் அப்படிக் கேட்க யாரும் இல்லாமல் போனார்கள்.

தோழர்களே! எழுத்தறிவு எதற்கு? கையெழுத்துப் போட மட்டுமா? பெயர்ப் பலகையைப் படிக்கவும், அதில் விடுபட்ட பெயரைக் கேட்கவும் எழுத்தறிவு வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பார்த்ததை எழுதி வந்து மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். சொந்த ஊருக்குப் போகும்போது அங்கே ஏரிக்கரையில் நிற்கும் நடுகல்லிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.