சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபை

(ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாடகத்தைப் பற்றிப் பேச ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயரா என்று சிலர் பார்ப்பது தெரிகிறது. தமிழ் மன்ற நாடகங்களுக்குத் திரை இழுத்தவன் நான். அந்தத் தகுதி போதும் என்று செயலாளர் சொல்லிவிட்டார்!

நடிப்புக்குப் பள்ளிக்கூடம் என்றால் டில்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியைச் சொல்வோம். அதற்கு 41 வருடம் முன்பே, 1918-இல், மதுரையில் ஒன்று நடந்தது. தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்று பெயர். வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள். பாய்ஸ் கம்பெனிகள் அதற்கு முன்பும் இருந்தன. இங்கே சுமார் 40 நாடகம் எழுதியவரே உட்கார்ந்து பாடம் சொன்னார்.

ஏன் பையன்கள்? அப்போதைய ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. வந்த அன்றைக்கே மேடை ஏறுவார்கள். ஒருவரை ஒருவர் மடக்கத் தர்க்கம் கிளம்பிவிட்டால் கதை அம்போ! எழுதினது எழுதினபடி மேடையில் நிற்க வேண்டுமென்றால், சின்ன வயதிலேயே பிடித்துப் பழக்க வேண்டியிருந்தது.

டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பாடம். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்காரனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். நம்ம ஒர்க்‌ஷாப்பில் முதல் வருடம் இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, சதுரமாகிறவரை அரத்தால் ராவச் சொல்வார்களே, அதே கதைதான். கை காய்க்காமல் வேலை வராது. அபிமன்யு நாடகத்தை சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது வேறு: அத்தனை பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட்டு அரங்கேற்றினார்களே அந்தப் பொடியன்கள், அவர்களை யார் பாராட்டினார்கள்?

சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் காலமானார். 1925-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்த சபை தொடங்கினார்கள். என்.எஸ். கிருஷ்ணன் அங்கே வளர்ந்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும். சிவாஜி கணேசனும் சிறு வயதில் நாடகக் கம்பெனிக்குப் போய் பெண் வேடம் கட்டியவர்தான். 1931-இல் தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தபோது, வசனத்தைத் தெளிவாகச் சொல்லவும் பாடவும் பழகியவர்கள் கம்பெனிகளில் தயாராக இருந்தார்கள். சினிமா தனியாகப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவும் பெருமைதான். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பேச வந்ததில் அர்த்தமில்லை. வந்த பையன்களில் பெரும்பாலோர் கலைக்காக வரவில்லை, வயிற்றுப்பாட்டுக்காக வந்தார்கள். எம்.ஜி.ஆரையும் அவர் அண்ணனையும் வறுமைதான் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடி உண்டு. விடிய விடிய நாடகம், பகலில்தான் தூக்கம். ஊர்ப் பள்ளிக்கூடம் என்பதே கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்றுவரை உச்ச சுருதியில் பாடிக் கைதட்டல் வாங்கியவன் இன்று வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். குரல் மறுபடி கூடினால் பிழைத்தான். கூடாவிட்டால்? வேறு தொழில் தெரியாது, படிப்பும் இல்லை. சின்னப்பாவுக்கே குரல் உடைந்து சிரமப்பட்ட காலம் உண்டு. பெயர் தெரிந்தவர்களை எண்ணிவிடலாம். குரல் போய் ஊர் திரும்பியவர்களை யாரும் எண்ணவில்லை.

சண்முகத்தின் சுயசரிதை ‘எனது நாடக வாழ்க்கை’ 1972-இல் வந்தது. இந்த விழா நிதியில் மிச்சம் இருந்தால் நூலகத்துக்கு இரண்டு பிரதி வாங்கிப் போடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று போதாது, நம் பசங்க எடுத்தால் திருப்பித் தர மாட்டார்கள்.