சிறு வண்டியின் மூச்சு



மோட்டார் வண்டியின் பொனற்றைத் திறந்து, உள்ளிருக்கும் எஞ்சினைத் தம் கைப்படத் திருத்தி, அதன் வேகத்தைக் கூட்ட முனைவோரைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேசக் கருதுகிறேன். நான் பொறியியல் கற்றவனல்லன். கலைப் பட்டதாரி, பாடசாலை அதிபர். ஆயினும், "மகன் புத்தகத்தை விட்டுவிட்டு எண்ணெய்க் கறையிலே கிடக்கிறானே" என்று பெற்றோர் வந்து முறையிடுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு.

1922ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஒஸ்ரின் செவன் என்னும் சிறு வண்டி வெளிவந்தது. ஹேர்பேட் ஒஸ்ரினுக்கு அதனை வரைந்து உதவியவர் ஸ்ரான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது இளைஞர். நான்கு சிலிண்டர்கள், எல்லாம் சேர்ந்து 747 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு. நம்மூர் மோட்டார்ச் சைக்கிள்கள் சிலவற்றிலும் இதைவிடப் பெரிய எஞ்சின் இருப்பதுண்டு! 1939 வரையில் ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரித்தானியாவில் புதிய வண்டிகளிற் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போயிற்று. பெற்றோல் பங்கீடு 1950 வரை நீடித்தது. பழைய ஒஸ்ரின் செவனோ மலிவாகக் கிடைத்தது. இளைஞர்கள் அதன் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, இலேசான கூடொன்றைத் தாமே செய்து பொருத்திப் பந்தயத்துக்கு விட்டனர். 1939இல் தோன்றிய 750 மோட்டார்க் கழகம் இத்தகையோருக்கெனவே போட்டிகளை நடத்தியது.

இவர்களில் ஒருவர் கொலின் சப்மன். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்ற மாணவர். பழைய வண்டிகளை வாங்கி விற்று வந்த அவரிடம், பெற்றோல் தட்டுப்பாட்டினால் விலைப்படாத ஒஸ்ரின் செவன் ஒன்று தங்கிவிட்டது. தம் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கராச்சில் வைத்து, 1948இல் அதனைப் புது வண்டியாக்கினார். லோட்டஸ் என்ற பெயரின் தொடக்கம் அதுவே.

எஞ்சினைத் திருத்துவோர் அந்நாளில் வழக்கமாகச் செய்தது என்ன? சிலிண்டர்களின் தலைப்பாகத்தை அடிப்புறத்திற் சிறிது சீவி அமுக்கத்தைக் கூட்டுவர். காற்று புகும் வழிகளைத் தேய்த்து வழுவழுப்பாக்குவர். பெரிய கார்புரேட்டரைப் பூட்டுவர். சப்மன் இவற்றோடு நில்லாமல் எஞ்சின் மூச்சு விடும் முறையையே கூர்ந்து நோக்கினார். அந்த எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. பெற்றோலும் காற்றும் கலந்து உட்புகும் வாயில்களோ இரண்டே. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களுக்கு ஒரு வாயில். எரியும் ஒழுங்கு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஆகவே மூன்றாவது சிலிண்டர் இழுத்து முடிக்குமுன்னரே, அதே வாயிலில் நான்காவதும் இழுக்கத் தொடங்கிவிடும். ஒரே குவளையில் இரண்டு பிள்ளைகள் வாய் வைத்தாற்போல, ஒருவர் பங்கை மற்றவர் பறிக்கும் நிலை. சப்மன் ஒவ்வொரு வாயிலின் நடுவிலும் ஒரு தகட்டை நிறுத்தி, இரண்டை நான்காக்கினார். செய்கை இவ்வளவுதான்; வலுவோ பெரிதும் கூடியது. 1951ஆம் ஆண்டுப் போட்டிகளில் அவரது மூன்றாம் லோட்டஸ் வண்டிக்கு ஈடு கொடுக்கப் பிறர் திணறினர்.

அதன் பின்னர் நடந்ததுதான் அதிபராகிய எனக்குச் சுவையானது. கழகத்தார் விதியைத் திருத்தி அந்த உபாயத்தைத் தடை செய்தனர். சிலர் இதனைப் பொறாமை என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. குறைந்த செலவில் பலரும் ஓடுவதற்காக அமைந்த போட்டி அது. கழகத்தார் செய்தது சரியே. சப்மன் செய்ததும் சரியே. விதி வாய் திறவாத இடத்தில் அவர் சிந்தித்தார். அப்படிப்பட்ட மாணவனை வகுப்பிலே கண்டால் ஆசிரியர் முதலிற் சினங்கொள்கிறார், நானும் சினந்திருக்கிறேன்.

ஆனால் வலுவைக் கூட்டினால் அதைத் தாங்குவது எது? பெரும்பாலான ஒஸ்ரின் செவன் வண்டிகளின் சுழற்றித் தண்டு இரண்டே தாங்கிகளில் நின்றது. வேகம் மிகும்போது நடுவிலே வளைந்து ஆடும். ஈற்றில் முறிந்தும் போகும். பிறேக்குகளோ கம்பிவடத்தால் இயங்கியவை. அந்தச் சிறு வண்டியின் இயல்பான வேகத்துக்கே போதாதவை என்று பெயர் பெற்றவை. பந்தயத் திடலில் இது ஓட்டுபவரின் ஆபத்து. பொதுத் தெருவிலோ, எதிரே சைக்கிளில் வரும் பிள்ளையின் ஆபத்து.

நம்மவர்க்கு இக்கலை புதிதன்று. 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் உங்களிற் பலர். சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் புகை எழும், கண் எரியும், ஆயினும் நோயாளி ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். வேகத்துக்காகவன்றித் தேவைக்காகச் செய்த திருத்தம் அது.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் பழைய மோட்டார்ச் சைக்கிளொன்றின் கார்புரேட்டரைக் கழற்றிப் பத்திரிகைத் தாளிலே பரப்பியிருந்தான். வேகம் கூட்டப் போகிறானாம். "பிறேக்கைக் காட்டு, பார்ப்போம்" என்றேன். தலையைச் சொறிந்தான். அடுத்த வாரம் இரண்டு பிறேக்குகளையும் புதுப்பித்து வைத்திருந்தான். கார்புரேட்டர் அப்போதும் தாளின் மேலேயே கிடந்தது.