பிள்ளைகளின் படிப்பை எந்தத் தராசில் நிறுப்பது?

(தோட்டக் கிளையின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று பிள்ளைகளின் சோதனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது வாத்தியார்மார் பேச வேண்டிய சங்கதி என்று யாரும் எண்ண வேண்டாம். நாளைக்கு நம் பிள்ளை எந்தக் கூலிக்கு எந்த வேலையில் நிற்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

பழைய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1964 வரையில் இந்நாட்டில் ஆறாம் வகுப்பு முடித்ததும் இடைநிலைப்பள்ளி நுழைவுச் சோதனை ஒன்று இருந்தது. அதில் தவறிய தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் உளிதான் கைக்கு வந்தது. பன்னிரண்டு வயதிலே ஒரு காகிதம் அதன் தலையெழுத்தை எழுதிவிட்டது. 1965 முதல் அந்தக் கதவு திறந்தது. எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிக்குப் போக வழி பிறந்தது.

பிறகு 1988-இல் யூ.பி.எஸ்.ஆர். வந்தது. ஏழு ஏ, எட்டு ஏ எடுத்த பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வந்தது, நாமும் பெருமைப்பட்டோம். படம் வராத பிள்ளைகளை நினைத்தவர் எத்தனை பேர்? 2019-இல் நடந்ததே கடைசிச் சோதனை. 2020-இல் நோய்த்தொற்றால் நடக்கவில்லை, 2021-இல் ஒழித்தார்கள். மூன்றாம் படிவத்துப் பி.டி.3 சோதனையையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். வகுப்பறையிலேயே ஆசிரியர் கவனித்து, ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை போடும் முறை நிலைபெற்றது.

இது நல்லதா, கெட்டதா? நம் தொழிலை வைத்தே பார்ப்போம்.

நாம் இறக்கிய பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோகிறோம். கிராணியார் நிறுக்கிறார்; உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று சோதிக்கிறார். நாமும் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்க்கிறோம். தராசே வேண்டாம், கண்ணால் பார்த்தே கணக்கு எழுதுகிறேன் என்றால் ஒப்புக்கொள்வோமா? கிராணியார் எவ்வளவு நல்லவரானாலும் ஒப்ப மாட்டோம். அதே சமயம், அந்தத் தராசுக்கு மரத்தின் வயது தெரியாது. விடியற்காலை பெய்த மழையும் தெரியாது. ஒருநாள் பாலைப் பார்த்து, இந்த மரம் உதவாது என்று வெட்டிச் சாய்ப்பவன் நல்ல தோட்டக்காரனும் அல்ல.

சோதனையும் அப்படித்தான். ஒருநாள் காகிதத்தை வைத்துப் பிள்ளையைத் தள்ளியது அநியாயம். ஆகவே பழைய சோதனையைத் திருப்பித் தா என்று நாம் கேட்கவில்லை. ஆனால் முள் பெற்றோர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்கிறோம். பள்ளி அறிக்கையில் "2" என்று இருந்தால் அதன் பொருள் என்ன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் வயதுக்கேற்ப வகுப்பேறிப் போகிறது. ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். வரும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. அங்கே மலாய்மொழியில் தவறினால் சான்றிதழே இல்லை; 2013 முதல் வரலாற்றுப் பாடத்துக்கும் அதே விதி. பதினேழு வயதில் அடி விழுந்தால் எழுந்திருக்க நேரம் ஏது? வசதியுள்ளவன் டியூசன் வைத்துப் பிள்ளையின் குறையை முன்பே கண்டுகொள்கிறான். பால்மரம் வெட்டுகிறவன் பள்ளியை நம்பித்தானே இருக்கிறான்?

ஆகையால் நாம் கேட்பவை மூன்று.

முதலாவது, அடைவுநிலை அறிக்கையைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்க வேண்டும்.

இரண்டாவது, பின்தங்கிய பிள்ளைக்கு அந்த ஆண்டிலேயே தனிப்பாடம் கொடுக்க வேண்டும். குறையைக் குறித்து வைத்தால் மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

மூன்றாவது, கைத்தொழில் படிப்பைக் கீழாக எண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழ் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது. முதல் மூன்று நிலை சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. வேலை செய்தே தொழில் கற்றவர், தம் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டியும் அதைப் பெற வழி உண்டு. ஒர்க்‌ஷாப்பிலும் மின்சார வேலையிலும் பல ஆண்டு உழைத்த நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி எட்டியிருக்கிறது?

கேட்பதோடு நம் கடமை தீராது. அறிக்கை வந்தால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பள்ளிக்குப் போய், "என் பிள்ளைக்கு எது வரவில்லை?" என்று கேளுங்கள். வேலைநாள் போகிறதே என்று அஞ்சுகிறவர்கள் கிளைக்குச் சொல்லுங்கள். நிர்வாகத்தோடு நாம் பேசுகிறோம். கிராணிமார்களையும் ஒன்று வேண்டிக்கொள்கிறோம்: மாதத்தில் ஒரு மாலை கிளை அலுவலகத்தில் உட்கார்ந்து, படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அந்த அறிக்கையைப் படித்துச் சொல்லுங்கள். பால் கணக்கில் ஒரு காசு குறைந்தாலும் விடாத நாம், பிள்ளையின் கணக்கில் ஏமாறலாமா?