வால்பாறைப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும்!

(உரையின் எழுத்து வடிவம்)



ரெண்டு வயசு முடிஞ்சும் உங்க பிள்ளை ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலைன்னா அக்கம்பக்கத்துல என்ன சொல்றாங்க? "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான், தானா வரும்"னு சொல்றாங்க. சில பிள்ளைகளுக்கு வரும்தான். ஆனா காது கேட்காததால பேசாத பிள்ளைக்குக் காத்திருந்தா வராது. முதல்ல காதைச் சோதிக்கணும். அப்புறம் பயிற்சி. மொழி நல்லாப் பதியறது முதல் சில வருஷத்துலதான்.

சரி, பயிற்சியாளரை எங்கே தேடுவீங்க? பொள்ளாச்சி 60 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல 40 கொண்டை ஊசி வளைவு. மாவட்டத் தலைநகரான கோவை அதுக்கும் அப்பால. பேச்சுப் பயிற்சி ஒரு ஊசியோட முடியற வேலை இல்லை. வாரா வாரம், மாசக்கணக்குல போகணும். கொழுந்து பறிக்கிற தாய் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை இழக்கணும். வழியெல்லாம் வாந்தி எடுத்துக் களைச்சுப்போன குழந்தைகிட்ட "அம்மா சொல்லு, அப்பா சொல்லு"ன்னா அது எப்படிச் சொல்லும்?

2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. குறையைக் கண்டுபிடிக்கிறது மலையில, சரிசெய்யறது சமவெளியிலயா? லட்சக்கணக்கில் விலையுள்ள காக்ளியர் கருவியை முதலமைச்சர் காப்பீட்டில் பொருத்துகிறார்கள், நல்லது. ஆனால் தொடர் பயிற்சி இல்லாவிட்டால் சத்தம் கேட்கும், சொல் புரியாது.

பக்கவாதம் வந்து பேச்சு போன பெரியவங்களுக்கும் இதே பயிற்சியாளர்தான் வேணும். அவங்களை யாரும் கணக்குலயே எடுக்கறதில்லை.

நாம் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. வால்பாறை அரசு மருத்துவமனையில் வாரம் 2 நாள் ஒரு பயிற்சியாளர். மற்ற நாளில் அவரே காணொளியில் தாய்க்குச் சொல்லித்தரட்டும், ஏன்னா பாதிப் பயிற்சி வீட்டுலதான் நடக்குது. வர்றவர் மலைப்படியும் பயணப்படியும் இல்லாம நிலைக்க மாட்டார், அதையும் சேர்த்தே கேட்கிறோம்.

அதுவரைக்கும் தனியார்கிட்ட போறவங்க, அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கான்னு கேளுங்க. கேட்கக் கூச்சப்படாதீங்க.

மனு தயாராயிருக்கு. உங்க எஸ்டேட் பெயர், பிள்ளையின் வயசு, போய்வர ஆகும் செலவு மூணையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மாவட்ட ஆட்சியர்கிட்ட கொடுக்கப்போறது அந்தக் கணக்கைத்தான்.