பொய்ப்பல்லில் படரும் மஞ்சள்



உடைந்து ஒட்டப்பட்ட பொய்ப்பல் தொகுதியைப் பார்த்திருக்கிறீர்களா? நாளடைவில் ஒட்டிய இடம் மட்டும் மஞ்சளித்துக் காணும். முதியவர் சரியாகத் துலக்குவதில்லை என்று வீட்டார் கடிந்துகொள்வர். அவரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்குவார். தேநீரும் மஞ்சள்தூளும் மேற்பரப்பில் கறை ஏற்றுவது உண்மையே. ஆயினும் உள்ளிருந்து தோன்றும் மஞ்சளுக்கு அம்முதியவர் பொறுப்பல்லர். அது வேதியியலின் செயல்.

ஈறு போன்ற அந்த இளஞ்சிவப்புப் பகுதி அக்ரிலிக் என்னும் பொருளால் ஆனது. அதன் தூளை மெதில் மெதாக்ரிலேட் என்னும் திரவத்துடன் பிசைந்து, அச்சிலிட்டு, வெந்நீரில் இறுகச் செய்வார்கள். தூளிலுள்ள பென்ஜாயில் பெராக்சைடு வெப்பத்தால் பிளவுபட்டு, திரவத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கிறது. 74 பாகை செல்சியசில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் வைப்பது ஒரு முறை. உடைந்ததை ஒட்டுவதற்கு இம்முறை ஏற்றதன்று. மீண்டும் சூடேற்றினால் பழைய பகுதி வளைந்து, வாயில் பொருந்தாமற் போகக்கூடும்.

எனவே 1940களில் வேறொரு வழி வந்தது. திரவத்தில் டைமெதில் பாரா டொலுயிடின் என்னும் அமீனைச் சிறிதளவு சேர்த்தனர். அது சூடின்றியே பெராக்சைடைப் பிளப்பதால் கலவை சில நிமிடங்களில் தானே இறுகிவிடும். ஆனால் வேலை முடிந்தும் அமீனின் எச்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. பிற்பாடு ஒளியும் ஆக்சிஜனும் பட்டு, அது நிறமுள்ள சேர்மங்களாக மாறுகிறது. மஞ்சளின் முதன்மையான காரணம் இதுவே.

அமீனைக் குறைத்தால் மஞ்சளும் குறையும்; ஆனால் இறுகுவது தாமதமாகும். அதனால் அமீனையே விலக்கிப் பார்த்தார்கள். சல்ஃபினிக் அமில வகைகள் நிறத்தைக் காத்தன. எனினும் அவை சேமிப்பில் எளிதிற் கெட்டன. பார்பிட்யூரிக் அமில வழிப்பொருள்கள் இன்று அப்பணியைச் செம்மையாகச் செய்கின்றன. புறஊதா ஒளியை உறிஞ்சும் பொருளைச் சேர்ப்பதும் உண்டு. அது ஒளியின் தாக்குதலை மட்டுமே தடுக்கும். ஆதலால் அதை நான் அரை மருந்தென்றே சொல்வேன்.

ஒரு பொருள் நிறம் மாறுமா என்பதைச் சோதிக்கும் முறை மிக எளியது. தகட்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வலிய விளக்கொளியில் வைப்பார்கள். பின்னர்த் தாளை நீக்கி, இரு பாதிகளுக்கும் இடையே கோடு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் நோக்குவார்கள்.