கீழாநெல்லி குடித்தால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிவில் படித்தவனுக்குக் கல்லீரலில் என்ன வேலை என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. நான் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்க்கிறவன். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால், சில வாரங்களில் அந்தத் தெருவில் கண்கள் மஞ்சளாகும். அந்த வகையில் எனக்கும் கல்லீரலுக்கும் தொழில்முறைச் சம்பந்தம் உண்டு.

நாம் விடுதியில் இருந்த காலத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது மஞ்சள் காமாலை வரும். "ஏன்டா, கண்ணு மஞ்சளா இருக்கு?" என்று ஒருத்தன் கேட்பான், மறுநாள் பெட்டியோடு ஊருக்குப் போய்விடுவான். அங்கே பாட்டி கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார். எண்ணெய் இல்லாத பத்தியச் சாப்பாடு. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருவான், சற்று இளைத்து. பச்சிலைதான் காப்பாற்றியது என்பான். நாமும் நம்பினோம்.

அதைக் கேலி பேச நான் வரவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். காமாலை என்பது ஓர் அடையாளம்தான், அதுவே நோய் அல்ல. அதை உண்டாக்கும் வைரஸ்களில் ஏ, ஈ இரண்டும் தண்ணீர், உணவு வழியாக வருபவை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். பச்சிலை குடித்தவனும் எழுந்து உட்கார்ந்தான், குடிக்காதவனும் எழுந்து உட்கார்ந்தான். கான்கிரீட்டில் புதிதாக ஒரு அட்மிக்ஸர் சேர்த்தால் என்ன செய்வோம்? சேர்த்த க்யூபை மட்டுமா உடைப்போம்? சேர்க்காததையும் பக்கத்தில் வைத்து உடைத்தால்தானே வித்தியாசம் தெரியும்!

அப்படி உடைத்துப் பார்த்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்றுப் பொடி. அந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் இந்த ஆய்வில் இருந்தார். 1988-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் அறிக்கையும், நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே சொன்னது. நம் வீட்டுக் கொல்லைச் செடி ஜெயித்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் செட்டில் ஒரு நண்பன். அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ரத்ததானம் செய்யப் போன இடத்தில் பி வைரஸ் இருப்பது தெரிந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. வருடம் ஒருமுறை ஒரு மண்டலம் கீழாநெல்லி குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தான். ஏழு வருடம் பரிசோதனையே இல்லை. ஒருநாள் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. பார்த்தால் சிரோசிஸ், கல்லீரல் சுருங்கத் தொடங்கியிருந்தது. இப்போது தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. வைரஸ் அடங்கியிருக்கிறது, வேலைக்குப் போகிறான். அப்புறம் வீட்டில் எல்லோரையும் சோதித்தபோது அம்மாவுக்கும் தம்பிக்கும் இருந்தது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வருவதுதான் இதில் மோசமான வழி. அப்படி வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு நிலைத்துவிடும். பெரியவனான பிறகு தொற்றினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். இந்த இரண்டாவது ரகத்தையும் பச்சிலைக் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறார்கள்!

சி வைரஸுக்கு இன்று 12 வார மாத்திரையே போதும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே மருந்து தருகிறார்கள். பி-க்குத் தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கு வந்தது 2011-ல். அதற்கு முன் பிறந்த நீங்கள் பலர் போட்டிருக்க மாட்டீர்கள். மூன்று ஊசி, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேளுங்கள்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்பார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் குடித்து, கல்லீரல் வீங்கி மும்பையில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி 2021-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, விவாதம் நடந்தது. ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்குக் கூடுதல் சுமை எதற்கு என்பதே என் கட்சி. காமாலை வந்தவன் தன்னிஷ்டத்துக்கு பாரசிட்டமால் விழுங்குவதும் அதே ரகம்தான். மதுவைச் சொல்லவே வேண்டாம். பாட்டி கொடுத்தால் மோரைக் குடியுங்கள், ஆனால் ரத்தப் பரிசோதனை முடித்துவிட்டு, டாக்டரிடமும் சொல்லிவிட்டு. நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சு குழறினால், நிற்காமல் வாந்தி எடுத்தால், ஈறில் ரத்தம் கசிந்தால், நேரே பெரிய ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது, ஈ வைரஸ் அவர்களிடம் கொடூரமாக நடந்துகொள்ளும்.

அந்த ஈ வைரஸ்தான் 1955-56-ல் டில்லியில் ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை கொடுத்தது. வெள்ளத்துக்குப் பின் யமுனை தடம் மாற, நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைஃபாய்டு பரவவில்லை, இந்த வைரஸ் மட்டும் தப்பித்துப் போய்விட்டது. கலங்கல் தண்ணீரில் எவ்வளவு குளோரின் போட்டாலும் அழுக்கே பாதியைத் தின்றுவிடும், பாருங்கள்.

நம் விடுதி மேல்நிலைத் தொட்டியைக் காலையில் போய்ப் பார்த்தேன். மூடி ஒருபக்கம் உடைந்திருக்கிறது, புறா உட்கார்ந்திருந்தது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சோதனைக் கிட் இரண்டு கொண்டு வந்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு சிவில் பசங்க சாப்பாடு முடிந்ததும் மாடிக்கு வந்துவிடுங்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லி மெஸ் அண்ணனிடம் பேசியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.